ஜாவா மேடமும் பைத்தான் சாரும்

பாம்பு பத்தின புத்தகம் இல்லக்கா, பயப்படாதீங்க. அட்டையிலதான் பாம்பு, உள்ள ஒண்ணும் கிடையாது. பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. இதைக் கையால தொட மாட்டேன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் சொன்னவ நான். இப்ப பாருங்க, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பஸ்ஸுல உக்காந்து படிச்சுக்கிட்டு வர்றேன். எல்லாம் ஒரு மனுஷனால வந்தது.

நீங்க மதுரை வரைக்கும் போறீங்களா? அப்ப கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்குத் தலை வெடிச்சிரும். அம்மாகிட்ட சொல்லலாம்னா அது முழுசாக் கேக்கவே மாட்டேங்குது. பாதியிலேயே, "சரி, அந்தத் தம்பி மதியம் என்ன சாப்பிடும்?"னு கேக்குது. நான் மொழியைப் பத்திப் பேசுறேன், அம்மா சாப்பாட்டுக்குப் போயிருது.

என் பேரு சங்கரகோமதி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். முதல் வருஷத்துப் பிள்ளைங்களுக்கு ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்னு ஒரு பாடம். பேரைக் கேட்டு மிரளாதீங்க. நீங்க என்ன பண்றீங்க? தையலா? அப்ப லேசாப் புரிஞ்சிரும். பேப்பர்ல ரவிக்கைக்கு அளவு வெட்டி வச்சிருப்பீங்கல்ல, அந்தப் பேப்பரை யாரும் போட்டுக்க முடியாது. ஆனா அதை வச்சுத் துணி வெட்டினா பச்சையில ஒண்ணு, சிவப்புல ஒண்ணுன்னு எத்தனை வேணும்னாலும் தைக்கலாம். அந்தப் பேப்பருக்குப் பேரு கிளாஸ். தைச்சு வர்ற ரவிக்கைக்குப் பேரு ஆப்ஜெக்ட். அதே அளவை வச்சுக் கழுத்தை மட்டும் மாத்தி வேற மாடல் பண்ணுவீங்கல்ல, அது இன்ஹெரிட்டன்ஸ். அம்புட்டுத்தான் பாடம்.

உங்களுக்குப் புரிஞ்சிருச்சு, என் பிள்ளைங்களுக்குப் புரியல. போன வருஷம் பாதி கிளாஸ் இந்தப் பாடத்துல அரியர். அதுல பாதிப் பேரு காலேஜை விட்டே நின்னுரலாம்னு பாத்தாங்க. நான் குறை வைக்கலக்கா. நான் ஜாவாவுல எடுக்கிறேன். ஜாவான்னா ஒழுங்கான வீடு. வாசல் இருக்கும், கதவு இருக்கும், பூட்டு இருக்கும். எதை எங்க வைக்கணும்னு முதல்லயே சொல்லிரணும். அரிசி டப்பாவுல அரிசிதான். பருப்பைப் போட்டா அது வாங்காது.

இந்த நேரத்துலதான் எங்க டிபார்ட்மென்ட்டுக்குப் புதுசா அவரு வந்தாரு. சொர்ணவேல். திருமங்கலத்துக்காரரு. அதுக்கு முன்னாடி சென்னையில கம்பெனியில இருந்தாராம், அம்மாவைப் பாத்துக்க ஆள் வேணும்னு ஊருக்குத் திரும்பிட்டாரு. வந்த வாரத்துலயே ஸ்டாஃப் ரூம்ல என்ன சொல்றாரு, "பாடம் புரியாததுக்குக் காரணம் பிள்ளைங்க இல்ல மேடம், ஜாவா. பைத்தான்ல எடுத்தா புரிஞ்சிரும்."

எனக்கு எப்படி இருக்கும்? நான் சொன்னேன், "சார், உங்க பைத்தான்ல பூட்டே கிடையாது. உள்ளுக்குள்ள இருக்கிறதை வெளியில இருந்து யாரும் தொடக்கூடாதுன்னா என்ன பண்ணுவீங்க? பேருக்கு முன்னாடி ஒரு கோடு போடுவீங்க. 'தயவுசெஞ்சு தொடாதீங்க'ன்னு சீட்டு எழுதி ஒட்டுற மாதிரி. திறந்து கிடக்கிற வீட்டுல சீட்டு ஒட்டி என்ன பிரயோஜனம்?"

அவரு கோபப்படவே மாட்டாரு. அதான் எரிச்சல். மெதுவா டீயைக் குடிச்சிட்டு, "முதல்ல பிள்ளைங்க வீட்டுக்குள்ள வரட்டும் மேடம். பூட்டை அப்புறம் பாப்போம்"னாரு.

அன்னைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல. அவருக்கு என்ன பதில் சொல்லலாம்னு யோசிச்சு யோசிச்சு வீட்டுக்குப் போற பஸ்ஸுல என் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கினேன்.

ஏப்ரல் மாசம் பிரின்சிபால் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. தாயுமானவன் சார். நல்ல மனுஷன், ஆனா எதையும் சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியாது. "சேர்க்கை குறைஞ்சு போச்சு. அடுத்த வருஷம் இந்தப் பாடத்துக்கு ஒரு ஆள்தான். ஜூன்ல பாடத்திட்டக் குழு கூடுது. ஜாவாவா பைத்தானான்னு அங்க முடிவாகும். எந்த மொழியோ, அந்த ஆள் இருக்கலாம். இன்னொருத்தர் வேற காலேஜ் பாத்துக்கோங்க"ன்னுட்டாரு. மே மாசம் அரியர் பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ். பாதிப் பேருக்கு நான் ஜாவா எடுக்கணும், பாதிப் பேருக்கு அவரு பைத்தான். பரீட்சையை எந்த மொழியில வேணும்னாலும் எழுதலாம். அதை வச்சுக் குழு முடிவு பண்ணும்.

வெளியில வந்ததும் அவரு என்னைப் பாத்து, "நான் வந்ததால உங்களுக்குக் கஷ்டம்"னாரு. "நீங்க வந்ததால எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல சார், நீங்க தோக்கப் போறீங்க"ன்னேன். சிரிச்சாரு. சிரிக்கும்போது அவருக்கு ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியும். ஒரு பக்கம் மட்டும். இது எதுக்குச் சொன்னேன்? என்னமோ சொல்ல வந்தேன்.

ஆமா, மே மாசம்.

என் கிளாஸ்ல மாரீஸ்வரின்னு ஒரு பொண்ணு. பத்து, பன்னெண்டெல்லாம் தமிழ் மீடியம். நல்ல புத்தி, ஆனா வாயைத் திறந்தா கேள்விதான். இந்தத் தடவையும் தவறினா அவங்க அப்பா திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கு அனுப்பிருவேன்னுட்டாரு. அதைச் சொல்லும்போதுகூட அது அழல. "மில்லுல கேள்வி கேட்டா விடுவாங்களா மிஸ்?"னு அதையும் கேள்வியாத்தான் கேட்டுச்சு.

ஜாவாவுல எதை எழுதணும்னாலும் தொடக்கத்துல ஒரு வரி வரும். பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின். முதல் நாளே போர்டுல எழுதினேன். மாரீஸ்வரி எந்திரிச்சுச்சு.

"மிஸ், பப்ளிக்னா?"

"அது பின்னாடி வரும்மா."

"ஸ்டாட்டிக்னா மிஸ்?"

"அதுவும் பின்னாடி வரும்."

"வாய்ட்?"

"இப்போதைக்கு அப்படியே எழுது."

"அப்ப மெயின் மட்டும்தான் இன்னைக்கா மிஸ்?"

கிளாஸே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். ஆனா உள்ள சுருக்குன்னுச்சு. ரெண்டாவது வாரம் பாத்தா அந்தப் பொண்ணைக் காணோம். எங்கன்னு விசாரிச்சா, மத்தியானம் எதிர் ரூம்ல அவரு கிளாஸ்ல போய் உக்காருதாம்.

சும்மா விடுவேனா? கூட்டிட்டு வரலாம்னு போனேன். கதவு திறந்து கிடந்துச்சு. அவரு ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தாரு, நடுவுல கூப்பிட்டா மரியாதையா இருக்காதேன்னு கடைசி பெஞ்சுல உக்காந்தேன். முடியட்டும்னு. மணி அடிச்சதுக்கப்புறம்தான் எதுக்கு வந்தேன்னு ஞாபகம் வந்துச்சு. மாரீஸ்வரி அதுக்குள்ள போயிருச்சு. சரி, நாளைக்குக் கூட்டிக்கலாம்னு மறுநாளும் போனேன். அதுக்கடுத்த நாளும். என் கிளாஸ் காலையில, அவரு கிளாஸ் மத்தியானம், அதனால வசதியாவும் இருந்துச்சு. அவரு என்னென்ன தப்பாச் சொல்றாருன்னு குறிச்சுக்கணும்ல. எதிராளி என்ன பண்றாருன்னு தெரியாம எப்படி வாதாடுறது?

தப்பு அவ்வளவா இல்ல. அது வேற விஷயம்.

ஒரு நாள் அவரு பிள்ளைங்களை ஒரு பஸ் கிளாஸ் எழுதச் சொன்னாரு. எல்லா பஸ்ஸுக்கும் சீட்டு உண்டு, ரூட்டு உண்டு, ஸ்டாப்ல நிக்கும். அதுல இருந்து வேற ஒரு பஸ்ஸை உருவாக்குங்கன்னாரு. ஆளாளுக்கு ஏசி பஸ், ஸ்லீப்பர் பஸ்னு எழுதுச்சுங்க. மாரீஸ்வரி பைபாஸ் ரைடர்னு எழுதுச்சு, சின்ன ஊர்ல நிக்காம பைபாஸ்லயே ஓடுமே, அந்த பஸ். ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டுச்சு. சாதா பஸ்ஸுல இருக்கிற எல்லாமே அதுல இருக்கு. ஒண்ணை மட்டும் மாத்தியிருக்கு. 'நில்'லுங்கிற இடத்துல, ஸ்டாப் மாரீஸ்வரி ஊரா இருந்தா, ஹாரன் மட்டும் அடிச்சிட்டுப் போயிருன்னு எழுதியிருக்கு.

கிளாஸே இடிஞ்சு விழுற மாதிரி சிரிப்பு. மாரீஸ்வரி சிரிக்கல. "சார், அதுவும் பஸ்தானே? அப்பன்கிட்ட இருந்து எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, நிக்கிறதை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாத்திக்கிருச்சு"ன்னுச்சு.

அக்கா, அதுக்குப் பேரு ஓவர்ரைடிங். நான் அதை நாலு மாசம் கழிச்சு எடுப்பேன், பாதிப் பேருக்கு அப்பவும் ஏறாது. இந்தப் பொண்ணு பேரு தெரியாமலே அதைக் கண்டுபிடிச்சு நிக்குது. எனக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு. நிமிந்து பாக்கிறேன், அவரு அந்தப் பொண்ணைப் பாக்கல. கடைசி பெஞ்சுல என்னைப் பாக்கிறாரு. ஜெயிச்சுட்டோம்னு காட்டுறாருன்னு நினைச்சேன். ஆனா மூஞ்சி அப்படி இல்ல. எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல.

அவருக்கும் அடி விழுந்துச்சு, விழாம இல்ல. ஒரு மத்தியானம் ஒரு பையனோட புரோகிராம் தப்புத் தப்பாக் கணக்குக் காட்டுது. நாப்பது சீட்டு பஸ்ஸுக்கு ஐம்பதுன்னு மாத்தி எழுதியிருக்கான், பஸ் நாப்பதுலயே நிக்குது. அவரும் பாக்கிறாரு, பையனும் பாக்கிறான், மத்தியானம் பூராப் போச்சு. கடைசியில நான் போய்ப் பாத்தேன். மாத்துற இடத்துல பேருல ஒரு எழுத்தை விட்டுட்டான். பைத்தான் என்ன பண்ணும்? 'ஓ, புதுசா ஒண்ணு போல'ன்னு சத்தமில்லாம அந்தத் தப்புப் பேருல புதுசா ஒண்ணைச் செஞ்சு வச்சுக்கிருச்சு. திட்டவே இல்ல. "எங்க ஜாவாவா இருந்தா அங்கேயே காதைத் திருகியிருக்கும் சார்"னேன்.

அவரு நேரா ஸ்டாஃப் ரூம்ல போய் ஜன்னலைப் பாத்து உக்காந்திருந்தாரு. பாக்கப் பாவமாப் போச்சு. கேன்டீன்லயும் ஒண்ணும் இல்ல, என் டப்பாவுல தயிர் சாதம் மிச்சம் இருந்துச்சு, கொடுத்தேன். மறுநாள் அம்மா ரெண்டு டப்பாவாக் கட்டிக் கொடுத்துச்சு. நான் கேக்கல, அதுவாக் கட்டுச்சு. அப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு. சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடுவோம். செல்ஃப்னு ஒரு வார்த்தையை பைத்தான்ல எல்லாத்துலயும் எழுதணும், அது எதுக்குன்னு நான். ஒரு வரி எழுத ஜாவாவுக்கு எதுக்கு ஒரு பக்கம்னு அவரு. அவருக்குக் கத்திரிக்கா ஆகாது, தெரியுமா? நாக்கு அரிக்குமாம். மோர்க்குழம்பு ரொம்பப் பிடிக்கும். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிஞ்சுக்கல, சண்டைக்கு நடுவுல அதுவா வந்தது.

பிள்ளைங்க பரீட்சை எழுதிச்சுங்க. என் பக்கம் பாதி தேறுச்சு, அவரு பக்கம் ரெண்டு பேரைத் தவிர எல்லாம் தேறுச்சு. மாரீஸ்வரி தேறிருச்சு. அவங்க அப்பா லட்டு வாங்கிக்கிட்டு வந்து ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு, "பைபாஸ் சார் யாருங்க?"ன்னு கேட்டாரு.

ஜூன்ல குழு கூடுச்சு. பெரிய மேஜை, சமோசா, டீ. வெளியூர் யுனிவர்சிட்டியில இருந்து ஒரு வயசான பேராசிரியர் அம்மா வந்திருந்தாங்க. முதல்ல என்னைப் பேசச் சொன்னாங்க. ஜாவாவுக்காக அழகாத் தயார் பண்ணிக் கொண்டு போயிருந்தேன். எந்திரிச்சேன். லேப்டாப்பைத் திறந்தேன். அப்புறம் மூடிட்டேன்.

"ஆரம்பிக்கிற பிள்ளைங்களுக்கு பைத்தான்தான் சரி"ன்னு சொல்லிட்டேன்.

ஆமாக்கா, நானே சொன்னேன். பிரின்சிபால் சமோசாவைக் கீழ வச்சிட்டாரு. நான் நிறுத்தல. "ஜாவாவுல முதல் வரியில நாலு வார்த்தை, அதுல மூணுக்கு நான் 'பின்னாடி வரும்'னு சொல்றேன். புரியாம எழுதுறதைத்தான் முதல் பாடமாச் சொல்லிக் கொடுக்கிறேன். அவரு கிளாஸ்ல ஒரு பொண்ணு பேரு தெரியாமலே ஓவர்ரைடிங்கைக் கண்டுபிடிச்சா. சொர்ணவேல் சார்தான் இந்தப் பாடத்தை எடுக்கணும்." அப்படியே மாரீஸ்வரி பஸ்ஸையும் சொன்னேன். எனக்கு வேலை போயிரும்னு தெரியும். எங்கயாவது கிடைக்கும். அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல, பாடத்தைத்தான் யோசிச்சேன். சத்தியமாப் பாடத்தை மட்டும்தான்.

அடுத்து அவரு எந்திரிச்சாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. என்னையே பாத்தாரு. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்திருந்தா முடிஞ்சு போச்சு. என்ன சொன்னாரு தெரியுமா?

"நான் ஜாவாவை சிபாரிசு பண்றேன்"னாரு.

எப்படி இருக்கும் எனக்கு? சீட்டு எண்ணிக்கைக் கதையைச் சொன்னாரு. ஒரு எழுத்துத் தப்புக்கு ஒரு மத்தியானம் போச்சு, ஜாவாவா இருந்தா அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருப்பான்னாரு. கண்டிப்பா இருக்கிற மொழிதான் பிள்ளைங்களைக் காப்பாத்தும்னாரு. "சங்கரகோமதி மேடம் மாதிரி ஒருத்தரை இந்தக் காலேஜ் விடக்கூடாது"ன்னாரு. அதுக்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம்?

மனுஷனுக்கு எவ்வளவு வீம்பு பாருங்க. நான் அவரு பக்கம் வந்தா, அவரு என் பக்கம் தாண்டுறாரு. எதுத்துப் பேசணும், அது ஒண்ணுதான். நான் கிழக்குன்னா அவரு மேற்கு.

பிரின்சிபால் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்து, "உங்களுக்குள்ள பேப்பர் மாறிப் போச்சா?"ன்னாரு. நாங்க எங்க அவரைக் கவனிச்சோம்? அங்கேயே ஆரம்பிச்சுட்டோம். என் வீடு, என் கதவு, என் பூட்டு, நான் சொன்னது அத்தனையும் எனக்கே திருப்பிச் சொல்றாரு. அதுவும் அரைகுறையா. "சார், அது அப்படி இல்ல, அரிசி டப்பான்னு சொல்லணும்"னு நானே எடுத்துக் கொடுத்தேன். நான் செல்ஃபுக்கு வக்காலத்து வாங்கும்போது அவரு என்னைத் திருத்துறாரு. அந்தப் பேராசிரியர் அம்மா டீயைக் குடிச்சுக்கிட்டே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க. அப்படி என்ன சிரிப்புன்னு எனக்கு இன்னும் விளங்கல.

கடைசியில அவங்கதான் சொன்னாங்க. "இந்தப் பாடத்தை ஒரு செமஸ்டர்ல அடைச்சதுதான் தப்பு. முதல் செமஸ்டர் பைத்தான், ரெண்டாவது ஜாவா. ரெண்டு ஆளும் வேணும். பைத்தானை இந்த மேடம் எடுக்கட்டும், ஜாவாவை அந்த சார் எடுக்கட்டும். ஒருத்தர் மொழிக்கு இன்னொருத்தர்தான் நல்லா வாதாடுறீங்க." பிரின்சிபால் நெத்தியைத் தடவிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாரு.

வெளியில மாரீஸ்வரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இனிமே சார் வந்து உங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காருவாரா மிஸ்?"னு கேட்டுச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மரியாதையே கிடையாதுக்கா.

அதான் இந்தப் புத்தகம். எனக்கு பைத்தான் அவரைக் கேட்டுத்தான் தெரியணும், அவருக்கு ஜாவா என்னைக் கேட்டுத்தான் தெரியணும். காலேஜ் திறக்கிறதுக்குள்ள பாடத்தைப் பிரிச்சு எழுதணும். காலேஜ்ல உக்காந்தா ஆளாளுக்கு எட்டிப் பாக்கிறாங்க, அதனால வீட்டுக்கு வாங்கன்னாரு. வேலை விஷயமாத்தான் போறேன். அம்மாதான் காலையிலேயே எழுப்பி இந்தப் பட்டுச் சேலையைக் கட்டிக்கன்னுச்சு. புதுசா இருந்துச்சேன்னு கட்டினேன்.

இருங்க, போன் அடிக்குது. அவருதான். ஹலோ, சொல்லுங்க சார். கல்லுப்பட்டி எப்பவோ தாண்டிருச்சு. ஆங்? சரி, குடுங்க. வணக்கம்மா. எதுன்னாலும் சரிம்மா. உளுந்த வடைன்னா உளுந்த வடை. இல்லம்மா, வெங்காயம் சாப்பிடுவேன். யாரு, அக்காவா? கரூர்ல இருந்தா? ஓ. மாமாவும் வந்திருக்காங்களா? சரிம்மா. சரி.

அவங்க அம்மா. வடைக்கு அரைச்சாச்சாம். அவரோட அக்கா குடும்பத்தோட வந்திருக்காங்களாம், தாய்மாமா வந்திருக்காராம். பாடம் எழுத எதுக்கு இத்தனை பேரு? ஞாயித்துக்கிழமை, சும்மா வந்திருப்பாங்க. இல்லையா? நீங்க ஏன்க்கா அப்படிப் பாக்கிறீங்க?

இதோ திருமங்கலம் வந்திருச்சு. அங்க நிக்கிறாரு பாருங்க, டீக்கடை ஓரமா, வெள்ளைச் சட்டை. சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்காரு. தலைக்கு எண்ணெய் வச்சு வாரியிருக்காரு. கையில என்ன அது, பூவா? பாடம் எழுத யாராவது பூ வாங்குவாங்களா?

அக்கா. உங்களுக்கு மதுரையில உடனே போகணும்னு அவசரம் ஒண்ணும் இல்லையே? அடுத்த பஸ் பின்னாடியே வரும். ஒரு அஞ்சு நிமிஷம் என்கூட இறங்குறீங்களா? சும்மாதான். அந்தக் கடை வரைக்கும். இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பிடிங்கக்கா, சேலை மடிப்பைச் சரி பண்ணிக்கிறேன்.